முதல் கை எறா

காட்டூர்க்காரி என் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய் மெட்ரோ ரயிலில் ஏற்றிக் காட்டிவிட்டு வந்தாள். அன்றைக்குப் பிடித்தது எனக்கு வயிற்றெரிச்சல். காட்டூர்க்காரி என்றால் வேறு யாரோ இல்லை, என் சம்பந்தி, என் மருமகளைப் பெற்றவள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். அவள் அம்மா கதை என்பதால் நடுநடுவே பேனா நின்றுபோகிறது. எழுதும்மா, நான் இல்லாததை ஒன்றும் சொல்லவில்லையே என்கிறேன்.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு. பேரன் ஐந்தாவது படிக்கிறான், பேத்தி இரண்டாவது. என் மகன் ஏரியில் மீன்பிடித் தொழில் செய்கிறான். மருமகள் விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுவாள். அப்புறம் அந்த இரண்டையும் எழுப்புவது, பல் துலக்க வைப்பது, பேத்தியின் தலையில் சிக்கெடுத்துப் பின்னுவது, பொடி மீனில் முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து ஊட்டுவது எல்லாம் நான்தான். பொடி மீனில் முள் எடுப்பது லேசுப்பட்ட வேலையா? கண்ணைவிட விரலுக்குத்தான் அது தெரியும். காட்டூர்க்காரி மாதம் ஒரு தரம் வருவாள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அவள் தலை தெருமுனையில் தெரிந்ததுமே பேத்தி ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொள்ளும். என் இடுப்பை அப்படி ஓடிவந்து ஒருநாளும் கட்டிக்கொண்டதில்லை. எப்படிக் கட்டும்? ஓடிவந்து கட்டிக்கொள்ள நான் எங்கேயாவது போய்விட்டு வந்தால்தானே.

மகனும் மருமகளும் பொன்னேரி பஸ்ஸில் பார்த்துப் பழகி, அவர்களாகவே கட்டிக்கொண்டவர்கள். அவர்கள் வீட்டில் நிலம், நெல், டிராக்டர். எங்கள் வீட்டில் வலை, படகு, கருவாடு. ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் முகம் கொடுக்கவில்லை. பேரன் பிறந்த பிறகுதான் சம்பந்தி எங்கள் குப்பத்துக்கு முதல் தடவை வந்தாள். வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள். இன்னா சம்பந்திம்மா என்று கேட்டதற்கு ஜலதோஷம் என்றாள். அந்த ஜலதோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மருமகள் பேனா இங்கே கொஞ்ச நேரம் நின்றது.

அந்த மெட்ரோ விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புதன்கிழமை காலையில் பட்டுப் பார்டர் போட்ட புடவையில் வந்து இறங்கினாள். நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். டீச்சரம்மாவிடம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு பொன்னேரி பஸ் ஏறிவிட்டாள். பொன்னேரியில் ரயில், அப்புறம் பட்டணத்தில் பூமிக்கு அடியில் போகிற ரயில். அதன் பிறகு ஏதோ கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளே போய் ஐஸ்கிரீம். மருமகளிடம் முன்னாடியே சொல்லியிருக்கிறாள். என்னிடம்தான் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நான் மத்தியானம் வழக்கம்போலச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வந்தார்கள். வந்ததிலிருந்து அந்தப் பேச்சுதான். எங்கள் குப்பத்தில் புயலுக்கு ஒதுங்குகிற கட்டடம் ஒன்று உண்டு. அதன் படிக்கட்டில் பேத்தி விறைப்பாக நிற்கும், என்னையும் பக்கத்தில் நிற்கவைக்கும்.

"ஆயா, நீ கால எடுக்காத. அதுவே நம்மள தூக்கினு மேல போவும்."

"போவலியே."

"இது போவாது. அங்க போவும். மெட்ரோ ஆயாவ கேளு."

பாருங்கள். அதுவரைக்கும் வீட்டில் நான் வெறும் ஆயா. அவள் காட்டூர் ஆயா. வெறும் ஆயா என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அடைமொழி எதுவும் வைக்காமலே இவளைத் தெரியும், மற்றவளுக்குத்தான் ஊர் பேர் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று. அந்த ஒரு நாளில் அவள் மெட்ரோ ஆயா ஆகிவிட்டாள். நான் வீட்டு ஆயா. வீட்டுப் பூனை மாதிரி.

என்னோடு மீன் கூடை தூக்குகிற பக்கத்து வீட்டுக்காரி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு எதிலேயும் வாய் சும்மா இருக்காது. "இன்னாக்கா, மெட்ரோ ஆயா மறுபடி எப்ப வராங்க? நீ மூஞ்ச இப்டி இஞ்சி தின்ன மாரி வச்சுகினு கீற" என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்கு என்னடி, நல்லா கூட்டிப் போகட்டும், பிள்ளைகள் சந்தோஷம்தான் என் சந்தோஷம் என்று சொன்னேன். அன்றைக்கு விற்கப்போன இடத்தில் ஒரு அம்மாவிடம் நண்டுக்குச் சண்டை பிடித்துவிட்டு வந்தேன். அந்த அம்மா பாவம், பேரம்கூடப் பேசவில்லை.

இந்த இடத்தில் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

நான் பிறந்தது லைட்ஹவுஸ் குப்பம். அது கடலைப் பார்த்த ஊர். கடலில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம், தைரியம் இருந்தால் போதும். வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தால் ஏரி. ஏரிக்கு வேறு சட்டம். ஏரித் தண்ணீர் கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் என்கிறார்களே, அந்த எறா நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் நடக்கும். அதனால் ஊர் கூடி முறை பிரித்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்த வீடுகள், அடுத்து அந்த வீடுகள் என்று சுற்றி வரும். அதுதான் பாடு. உன் பாட்டில் நீ வலை கட்டலாம். அடுத்தவன் பாட்டில் நீ எட்டிப் பார்க்கக் கூடாது. எறா கொட்டினாலும் சரி, வெறும் பாசி வந்தாலும் சரி, அது அவனவன் அதிர்ஷ்டம். கல்யாணமாகி வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்குக் கூடை கூடையாக எறா வந்த ஒரு நாளில் நான் பெருமூச்சு விட்டதைப் பார்த்து மாமியார் சொன்னார்கள், பாடு வந்தவனைப் பார்த்து வயிறு எரிந்தால் நம் பாட்டில் வலை காலியாக வரும் என்று. அன்றிலிருந்து எறா விஷயத்தில் நான் வயிறு எரிந்ததில்லை. பேரப்பிள்ளைகளைப் பற்றி மாமியார் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

சரி, எங்கள் வீட்டுப் பாடு நெருங்கி வந்தது, அந்த வியாழக்கிழமை. மருமகள் வேலைவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வியாழக்கெழம பசங்களுக்கு லீவு சொல்லிடறேன். நான் கூட்டினு போறேன்."

"இன்னாத்துக்கு அத்தை? எங்க?"

"நம்ம பாடு. நைனா வலை தூக்கறத பசங்க ஒருநாளும் பாத்ததில்ல. உங்கம்மா அவங்க பாட்டுல அள்ளினாங்க. இப்ப என் பாடு."

"அத்தை, பசங்க இன்னா எறாவா?"

"எறாவா இருந்தா உன்ன ஏன் கேக்கறேன். கூடையில அள்ளினு போயிருப்பேன்."

சிரித்துவிட்டாள். சிரித்தால் சரி என்றுதான் அர்த்தம். அவள் நல்ல பெண்தான். இதை நான் சொல்கிறேன், அவளாக எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு. டீச்சரம்மா பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வருகிற சின்னப் பெண், எல்லா வகுப்புக்கும் அவங்கதான். என்ன காரணம் பாட்டிம்மா, கல்யாணமா, காதுகுத்தா என்று கேட்டாங்க. பாடு என்றேன். அவங்களுக்குப் புரியவில்லை. மேஜைமேல் சாக்பீஸ் துண்டுகள் கிடந்தன. அதை எடுத்து வரிசையாக வைத்தேன். இது முகத்துவாரம், இது எங்கள் வலை, இது பக்கத்து வீட்டு வலை, இன்றைக்கு இவர், அப்பால அவர் என்று துண்டுகளை நகர்த்தி நகர்த்திக் காட்டினேன். வகுப்பு பூராவும் என்னைச் சுற்றி வந்துவிட்டது. பாதிப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவர்களே தப்பைத் திருத்தினார்கள்.

"அப்ப அன்னிக்குப் பாடு இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?" என்று டீச்சரம்மா கேட்டாங்க.

"வேற எடத்துக்குப் போவாங்க. இல்லன்னா கரையில நின்னு பாத்துகினு இருப்பாங்க. வயிறு எரியும். ஆனா வாயத் தொறக்கக் கூடாது."

பேத்தி என் பக்கத்தில் நின்று சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீச்சரம்மா சிரித்தாங்க. கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வகுப்பில் நின்று பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றாங்க. காகிதத்தில் பெருவிரல் வைத்தேன். சாயங்காலம்வரை அந்த மையைக் கழுவவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டினேன். கையெழுத்தென்ன பெரிய கையெழுத்து, விரலே வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. மற்ற வீடுகளில் உண்டா என்று தெரியாது. பாட்டு நாளில் வலையிலிருந்து முதலில் அள்ளுகிற ஒரு கை எறாவை விற்கமாட்டோம். படகு கரைக்கு வந்ததும் அதைக் காத்து நிற்கிற பொம்பளையின் மடியில் போடுவார்கள். என் மாமனார் மாமியார் மடியில் போட்டார். என் வீட்டுக்காரர் என் மடியில் போட்டார். வாயால் ஒரு அன்பான வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன். அந்த ஒரு கை எறாதான் அவர் பேச்சு. அவர் போன பிறகு மகன் போடுகிறான். மடியில் வாங்கினவள்தான் அதை அன்றைக்கே சமைத்து எல்லாருக்கும் போட வேண்டும். அதற்கு முதல் கை என்று பெயர்.

இந்தத் தடவை முதல் கையைப் பேத்தி கொண்டுவந்து என் மடியில் போட வேண்டும். அதுதான் என் திட்டம். மகனிடம் சொல்லிவைத்தேன். பேத்தியிடம் முதல் கை ஆயாவுக்கு என்று ஆசையாகச் சொல்லிவைத்தேன். பச்சைப் புடவை ஒன்று, என் வீட்டுக்காரர் எடுத்தது, அதைத் துவைத்து மடித்து வைத்தேன். படிக்கட்டு தூக்கிக்கொண்டு போகிற அதிசயமெல்லாம் என்னால் காட்ட முடியாது. ஆனால் ஒரு பிள்ளை தன் கையால் அள்ளின எறாவைத் தன் ஆயாவின் மடியில் போடுகிற நாளை எந்த மெட்ரோவிலும் டிக்கெட் எடுத்து வாங்க முடியாது. அப்புறம் யார் வீட்டு ஆயா, யார் மெட்ரோ ஆயா என்று பார்த்துவிடலாம்.

வியாழக்கிழமை விடிந்ததும் நானும் பிள்ளைகளும் கரைக்கு நடக்கிறோம். பின்னால் ஷேர் ஆட்டோ சத்தம். திரும்பினால் காட்டூர்க்காரி. ஒரு கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. காலில் புது ரப்பர் செருப்பு. பேத்தி என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

யார் கூப்பிட்டது என்று நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணிலேயே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

"நான்தான் ஆயா. அம்மா போன்ல நைட்டு சொன்னேன்" என்று பேத்தி சொன்னது.

"கொயந்த கூப்ட்டுச்சு, எப்டி வராம இருக்கறது" என்றாள் சம்பந்தி. "நானும் இந்த ஏரிய படகுல போயி பாத்ததே இல்ல. அதான் செருப்பு வாங்கினேன், தண்ணில நனைஞ்சா பரவால்லன்னு."

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வலை ஏற்றின படகில் எங்கள் வீட்டில் பொம்பளை ஏறுவதில்லை. வயசுக்கு வராத பிள்ளை ஏறலாம். நாங்கள் கரையோடு சரி. இப்போது சில வீடுகளில் அதெல்லாம் பார்ப்பதில்லை, ஆனால் எங்கள் வீட்டில் பார்க்கிறோம். அதைச் சொன்னேன். கொஞ்சம் இனிப்பாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். சம்பந்தியின் முகம் விழுந்தது. புதுச் செருப்பைக் குனிந்து பார்த்தாள்.

மகன் பிள்ளைகளைத் தூக்கிப் படகில் உட்காரவைத்தான். பேரன் அவன் நைனா மாதிரியே காலை அகட்டி நின்றுகொண்டான். பேத்தி எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கை ஆட்டியது. ஒரு கையை எனக்கு, ஒரு கையை அவளுக்கு என்று நான் பிரித்துப் பார்த்தேன். வலது கை யாருக்கு என்றுகூட யோசித்தேன். படகு சின்னதாகிக்கொண்டே போனது. தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று எழும்பி மறுபடி உட்கார்ந்தது. அதைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எனக்கு அன்றைக்கு எந்தப் பறவையும் கண்ணில் ஏறவில்லை.

கரையில் வலை உலர்த்துகிற பந்தலின் நிழலில் உட்கார்ந்தோம், நடுவில் டிபன் கேரியர்.  அப்புறம் அவள்தான் கேட்டாள்.

"சம்பந்திம்மா, அப்ப நீங்க ஒரு தரம்கூட அங்க போயி பாத்ததில்லையா? வலை தூக்கற எடத்த?"

"இல்ல."

"இத்தினி வருஷமா?"

"இல்லன்னு சொல்றேன்ல."

அவள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. என் மாமனார் போன இடம், வீட்டுக்காரர் போன இடம், மகன் போகிற இடம். சாக்பீஸ் வைத்து டீச்சரம்மாவுக்கு விளக்கம் சொன்னேனே, நான் பார்த்தா சொன்னேன்? எல்லாம் காதால் கேட்டது. அந்தப் பொடிசு, இரண்டாவது படிக்கிறது, இந்நேரம் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும். என் பேத்திமேலேயே எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. நான் ஏற்பாடு செய்த நாள், நான் விரல் வைத்து வாங்கின லீவு, நான் இந்தக் காட்டூர்க்காரியோடு மண்ணில் உட்கார்ந்திருக்கிறேன்.

சம்பந்தி மெதுவாக மெட்ரோ கதையை எடுத்தாள். வந்துவிட்டதடா என்று பல்லைக் கடித்தேன். ஆனால் அவள் சொன்னது வேறு.

அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன் தொட்டி வைத்திருக்கிறார்களாம். பேத்தி அதன் முன்னால் நின்றுவிட்டு நகரவே இல்லையாம். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், இந்த மீனுக்கு இந்த இடம் போதாது, எங்கள் ஆயா கூடையில் இதைவிடப் பெரிசெல்லாம் இருக்கும், எங்கள் ஆயா கண்ணை மூடிக்கொண்டு முள் எடுக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்ததாம்.

"அவ்ளோ தூரம் கூட்டினு போனது நானு. பேச்சு பூரா உங்க பேச்சுதான். எனக்கு இன்னாவோ மாரி ஆயிடுச்சு. ஐஸ்கிரீம் வாங்கித் தந்து வாய அடச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தாள்.

எனக்கு உள்ளே எப்படி இருந்தது என்று சொல்லவா? மழையில் நனைந்த கோழி வெயிலில் சிறகை விரிக்குமே, அப்படி. ஆனால் முகத்தில் காட்டவில்லை. பந்தலில் தொங்கின ஒரு நூலைப் பிடித்து முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் அப்படித்தான், வாயில் வந்ததைச் சொல்லும் என்றேன்.

அவளுக்கு அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. உடனே தன் வயல் கதையை எடுத்தாள். நடவு அன்றைக்கு அவர்கள் வயலில் முதல் நாத்து முடியைப் பேத்திதான் எடுத்து அவள் கையில் கொடுக்குமாம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தானாம். அதை நட்ட பிறகுதான் மற்ற பொம்பளைகள் சேற்றில் இறங்குவார்களாம். எனக்கு விரித்த சிறகு மடங்கிவிட்டது. நடவுக்குப் பிள்ளைகள் அங்கே போவது தெரியும், ஆனால் இவ்வளவு நாளாக ஒருத்தரும் இதை என்னிடம் சொல்லவில்லை. மருமகளே, நீயும் சொல்லவில்லை. எழுது.

வெயில் ஏறின பிறகு படகு வந்தது. நான் எழுந்து பச்சைப் புடவையின் முந்தானையை இழுத்து, இரண்டு கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் போய் நின்றேன். சம்பந்தியும் பின்னாலேயே வந்து நின்றாள், சும்மா பார்ப்பதற்கு. பேரன் படகிலேயே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். பேத்தி பாவாடையை மடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாவாடைக்குள்ளே எறா துள்ளுவது எனக்குத் தெரிந்தது. மகன் மகளைத் தூக்கி இறக்கிவிட்டான்.

நேராக என்னைப் பார்த்துத்தான் வந்தது. முகமெல்லாம் உப்பு, முடி நான் பின்னினது பூராவும் கலைந்து கிடந்தது. என் முன்னால் வந்து நின்று என் முந்தானையைப் பார்த்தது. அப்புறம் என் தோளுக்குப் பின்னால் பார்த்தது. என்னைச் சுற்றிக்கொண்டு போய், காட்டூர்க்காரியின் புடவையை இழுத்து அதற்குள் மொத்தத்தையும் கொட்டிவிட்டது.

காட்டூர்க்காரி அலறி ஒரு குதி குதித்தாள். மடியில் உயிர் எறா துள்ளினால் சும்மாவா? மகன் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் மகளைப் பார்த்தான். "பாப்பா, ஆயாவுக்குன்னு சொன்னேன்ல" என்றான்.

"இதுவும் ஆயாதானே நைனா" என்றது. பிறகு என் பக்கம் திரும்பி, கணக்கு சொல்கிற மாதிரி சொன்னது.

"நீதான டீச்சர்கிட்ட சொன்ன, பாடு இல்லாதவங்க கரையில நின்னுகினு வயிறு எரிவாங்கன்னு. உனக்கு எப்பவும் பாடு வருது. மெட்ரோ ஆயாவுக்கு ஏது பாடு? அது பாவம் இல்ல?"

என் வாயிலிருந்து எடுத்து எனக்கே போட்டுவிட்டது. நான் விரித்த முந்தானையை மெதுவாக உதறி இடுப்பில் செருகிக்கொண்டேன், ஏதோ தூசி பட்டதுபோல. ஒருத்தர் பாட்டில் விழுந்ததை இன்னொருத்தர் கேட்கக் கூடாது. அந்தச் சட்டத்தைச் சாக்பீஸ் வைத்து அதற்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

சம்பந்திக்கு எதுவும் தெரியாது. முதல் கை என்ற பேச்சையே அவள் கேட்டதில்லை. மடியைப் பிடித்துக்கொண்டு, இதை இன்னா பண்றது சம்பந்திம்மா என்று என்னையே கேட்டாள். எனக்கு ஒரு நிமிஷம் சபலம். கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கியிருக்கலாம். அவள் சந்தோஷமாகக் கொடுத்திருப்பாள். மகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் பேத்தி பார்த்துக்கொண்டு நின்றது.

"மடியில வாங்கினவங்கதான் ஆக்கிப் போடணும். அது எங்க வீட்டு வழக்கம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து என் அடுப்பில் அவள் சமைத்தாள். நான் தோல் உரித்துக் கொடுத்தேன். அதைச் செய்யாவிட்டால் சாயங்காலம்வரை அவள் உரித்துக்கொண்டிருப்பாள், எறாவின் கொடுக்கு குத்தி இரண்டு விரலில் ரத்தம் வேறு. கொண்டுவந்த முருங்கைக்கீரையை ஆய்ந்து எறாவோடு சேர்த்துப் போட்டாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. கீரைக்குக் காய்ந்த எறா போடுவார்கள். ஏரியிலிருந்து அப்போதுதான் வந்த எறாவைக் கீரையில் போட்டுக் கெடுப்பார்களா? நல்ல மிளகு போட்டு வறுத்தால் ஊரே மணக்கும். ஒன்றும் சொல்லவில்லை. அவள் பாடு.

பிள்ளைகள் இரண்டும் வழித்துத் தின்றன. மகன் இன்னொரு கரண்டி கேட்டான். பக்கத்து வீட்டுக்காரி வாசம் பிடித்து வந்து கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு போனாள், போகிறபோது என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போனாள். கடைசியில் நானும் ஒரு வாய் போட்டேன். நன்றாக இருந்தது. கெட்டுப்போயிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். கீரையின் அந்த லேசான கசப்பில் எறாவின் இனிப்பு தூக்கலாகத் தெரிந்தது. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன், பசி என்று சொல்லிக்கொண்டு.

சாப்பிட்ட பிறகு பேத்தி என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு படகில் பார்த்ததைச் சொன்னது. வலையைத் தூக்கும்போது தண்ணீர் எப்படிக் கொதிக்கிற மாதிரி ஆகும், எறாவின் கண் எப்படிச் சிவப்பாக இருக்கும், நைனா எந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு எப்படிக் குனியும் என்று. நான் அதுவரை பார்க்காததை எல்லாம் எனக்குச் சொன்னது. சம்பந்தி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் தலை இருந்தது என் மடியில். முடியில் உப்புச் சிக்கு. அதை எடுக்க என் விரலுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் போய் நின்று சொல்லியிருக்கிறது. டீச்சரம்மா என்னை வழியில் பார்த்தபோது சொன்னாங்க. பாட்டிம்மா, அது இரண்டு ஆயாவைப் பற்றியும் சொன்னது, மெட்ரோ ஆயா என்றும் பாட்டு ஆயா என்றும் சொன்னது என்றாங்க. பாட்டு ஆயா. நான் ஒன்றும் பாடுகிறவள் இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டுக்கு வருகிறவரைக்கும் அந்தப் பெயரை நாக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் முதல் கை அவள் மடிக்குத்தான் போனது. அது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆறாது.

மழை விழுந்ததும் காட்டூரில் நடவு. சம்பந்தி அன்றைக்குப் போகும்போதே கூப்பிட்டுவிட்டுப் போனாள், நீங்களும் கட்டாயம் வரணும் என்று. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சேற்றில் நான் கால் வைத்ததே இல்லை. வியாழனோ வெள்ளியோ, பிள்ளைகளுக்கு லீவு கேட்டு டீச்சரம்மாவிடம் மறுபடி விரல் வைக்க வேண்டும். வரப்பில் போய் நிற்பேன், வாயைத் திறக்கமாட்டேன். எனக்கு அங்கே ஏது வயல்? ஏது பாடு? பேத்தி நாத்து முடியை எடுத்துக்கொண்டு வரும்போது அதற்கு இது தானாகத் தோன்ற வேண்டும். தோன்றாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று, பின்னல் போடும்போது தினம் ஒரு தரம் அதன் காதில் போட்டு வைக்கிறேன்.

மருமகள் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். அவள் அம்மாவுக்குப் போன் போடுவாளோ என்னவோ. போடட்டும். பச்சைப் புடவையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன்.